கம்பியில்லா மின்னேற்றம்: வளர்வது எவருடைய சந்தை?

இரு செய்திகளை அருகருகே வைத்து நோக்குதல் சில வேளைகளில் நீண்ட நூலொன்றைப் படிப்பதிலும் பயன் தருவதாகும். முதலாவது செய்தி 2023 ஆம் ஆண்டுக்குரியது. சுவீடன் நாட்டின் போக்குவரத்து ஆணையகம், ஹால்ஸ்பேர்க், ஓரெப்ரோ என்னும் இரு நகரங்களுக்கிடையே 21 கிலோமீற்றர் நீளமான நெடுஞ்சாலையை, அதிற் செல்லும் வண்டிகளுக்கு ஓட்டத்திலேயே மின்சாரம் ஊட்டும் சாலையாக மாற்றத் திட்டமிட்டிருந்தது. கேள்விப் பத்திரங்களைப் பார்த்தபோது, கேட்கப்பட்ட விலை ஒதுக்கிய பணத்தை மிஞ்சி நின்றது. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டாவது செய்தி 2025 செப்ரெம்பர் மாதத்துக்குரியது. ஜேர்மனியின் மியூனிக் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியிலே, போர்ஷே நிறுவனம் தனது கயேன் என்னும் மின்காருக்கென ஒரு தரைத்தகட்டைக் காட்டியது. வீட்டுக் கார்க்கொட்டகையின் தரையிற் கிடக்கும் அத்தகட்டின்மேல் வண்டியை நிறுத்தினாற் போதும். செருகவேண்டிய கம்பி எதுவுமின்றியே பற்றரியில் மின்சாரம் ஏறத் தொடங்கும்.

பொதுமக்களின் சாலையிலே பணமின்மையால் நின்றுபோன மின்னேற்றம், செல்வர் வீட்டுக் கொட்டகையிலே இடம் பிடித்துவிட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே, "கம்பியில்லா மின்னேற்றம் வளர்ந்துவரும் சந்தை" என்னும் வாசகம் வணிக ஏடுகளில் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கிறது. வளர்கின்றது என்பதை நான் மறுக்கவில்லை. வளர்வது எது, எவருக்காக வளர்கின்றது, அதன் செலவை எவர் தாங்கப் போகின்றனர் என்பவையே நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.

முதலிற் பெயரையே சிறிது ஆராய்வோம். "கம்பியில்லாத் தந்தி" என்று நம் முன்னோர் வானொலி அலையைக் குறித்த காலத்தில், அச்சொல் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. அனுப்பும் நிலையத்துக்கும் கேட்கும் வீட்டுக்கும் நடுவே கடலும் காற்றுமே இருந்தன. கம்பியில்லா மின்னேற்றத்திலோ கம்பி ஒழிந்துபோகவில்லை, நிலத்துக்குள் ஒளிந்துகொண்டது. மின்நிலையத்திலிருந்து தரைத்தகடு வரையில் கம்பி உண்டு. தகட்டினுள்ளே செப்புக் கம்பி சுருள் சுருளாக உண்டு. வண்டியின் அடிப்பாகத்திலும் அவ்வாறே ஒரு சுருள் உண்டு. இல்லாமற்போனது, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாண் தூரக் கம்பி மட்டுமே. அந்த ஒரு சாணைப் பற்றியதே இவ்வளவு பெரிய வியாபாரமும்.

அந்த ஒரு சாணை மின்சாரம் எவ்வாறு தாண்டுகிறது? இதற்குரிய விதியை 1831 ஆம் ஆண்டிலேயே மைக்கல் பரடே கண்டறிந்தார். ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் இரு சுருள்களைச் சுற்றி, ஒன்றிலே மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றையதிலே கணநேரம் மின்னோட்டம் தோன்றுவதை அவர் கண்டார். மாறுகின்ற காந்தப் புலம் மின்னை எழுப்பும் என்பதே அதன் சாரம். நம் தெருமுனையிலே கம்பத்தில் தொங்கும் நிலைமாற்றியும் இவ்விதியாலேயே இயங்குகிறது. இவ்விதியைக் கொண்டு ஓடும் வண்டிக்கு மின்னூட்டலாம் என்ற எண்ணமும் புதியதன்று. ஊற்றன், லெப்லான் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இருவர், 1894 ஆம் ஆண்டிலேயே மின்ரயிலுக்கு இம்முறையைப் பயன்படுத்தும் உரிமைப் பத்திரத்தை அமெரிக்காவிற் பெற்றிருந்தனர்.

அங்ஙனமாயின் நூறாண்டுக்கு மேலாக இது ஏன் நடைமுறைக்கு வரவில்லை? தூரமே தடையாயிற்று. நிலைமாற்றியின் இரு சுருள்களும் ஒரே இரும்பின்மேல் நெருங்கியிருப்பவை. அவற்றை விலக்கி நடுவே காற்றை வைத்தால், காந்தப் புலத்தின் பெரும்பகுதி மற்றைச் சுருளை அடையாமலே சிதறிப்போகும். 2007 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் மரின் சொல்யாசிச்சின் குழுவினர், இரு மீற்றருக்கு அப்பாலிருந்த 60 வாற்று மின்குமிழொன்றைக் கம்பியின்றி எரியச் செய்து உலகை வியப்பில் ஆழ்த்தினர். ஆயின் அனுப்பிய மின்னில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கே குமிழைச் சென்றடைந்தது. விஞ்ஞானத்துக்கு அது வெற்றி. வீட்டு மின்கட்டணத்துக்கு அது தோல்வி.

வண்டிகளில் அத்துணைத் தூரம் தேவையில்லை. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 10 முதல் 25 சென்ரிமீற்றர் வரையிலான இடைவெளியே உண்டு. நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 100 தடவை திசை மாறுவது; தரைத்தகட்டிலே ஓடும் மின்சாரமோ செக்கனுக்கு ஏறத்தாழ 170,000 தடவை திசை மாறுவது. இரு சுருள்களையும் ஒரே மீடிறனுக்கு இசையச் செய்தால், ஒரு வீணையின் தந்தியை மீட்ட மற்றைய வீணையின் தந்தி தானே அதிர்வது போல, மின்வலு இலகுவாகக் கடந்துசெல்லும். இதனைப் பரிவு என்பர். இம்முறையால் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு அளவிலும், செவ்வையாக அமைந்தவிடத்து அதற்கு மேலும் வினைத்திறன் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தார் 2024 இல், பயணிகள் காரொன்றுக்கு 100 கிலோவாற்று வலுவை நூற்றுக்கு 96 வினைத்திறனுடன் செலுத்திக் காட்டினர்.

ஆகவே "காற்றிலே மின்சாரம் வீணாகிறது" என்னும் பழைய ஆட்சேபம் இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. செருகிவழி ஏற்றும்போதும் மாற்றுக் கருவிகளிற் சிறிது மின் வெப்பமாய்ப் போகத்தான் செய்கிறது. எனினும் வேறு சிக்கல்கள் உள. தகட்டின்மேல் ஒரு நாணயமோ தகரத் துண்டோ கிடந்தால் அது சூடேறும். அதைக் கண்டுணர ஒரு கருவி வேண்டும். பூனையொன்று வெப்பத்தை நாடி வண்டியின் கீழ்ப் படுத்தால் உடனே மின்னை நிறுத்த இன்னொரு கருவி வேண்டும். வண்டி சிறிது விலகி நின்றாற் சுருள்கள் நேர்ப்படா; அதை நெறிப்படுத்த மூன்றாவதொன்று வேண்டும். இவை யாவும் தீர்க்கப்படக்கூடியவை. ஆயின் ஒவ்வொரு தீர்வும் விலையோடு வருகிறது. செருகியொன்றின் விலை சில செப்புத் துண்டுகளுக்கும் சிறிது இறப்பருக்கும் உரியது. அத்துணை எளிய பொருளோடு இது போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

நிற்க. விஞ்ஞானம் வென்றபின்னரும் சந்தை தோற்றதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. 1996 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஈ.வி.1 என்னும் மின்காரைக் கலிபோர்னியாவில் வாடகைக்கு விட்டபோது, அதற்கு மின்னேற்றும் கருவி தூண்டல் முறையிலேயே அமைந்திருந்தது. பிளாத்திக்கு உறையிட்ட துடுப்புப் போன்ற சுருளொன்றை வண்டியின் முகப்பிலுள்ள பிளவுக்குள் நுழைத்தல் வேண்டும். உலோகத்தோடு உலோகம் தொடாது. மழையிலும் அச்சமின்றிக் கையாளக்கூடிய அருமையான முறை அது. ஆயின் வேறு சில நிறுவனத்தார் சாதாரணச் செருகியையே விரும்பினர். ஒரே ஊரில் இரு வகை மின்னேற்று நிலையங்கள் எழுந்தன. ஈற்றில் 2001 இல் கலிபோர்னிய வளிமண்டல வளச் சபை, நேரடித் தொடுகை முறையையே நியமமாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டோர்ஸ் அத்துடுப்பைக் கைவிட்டது. பொது நிலையங்களில் நாட்டப்பட்டிருந்த அக்கருவிகள் பயனற்ற பொருள்களாயின.

இந்தச் சரித்திரம் நமக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. 2015 ஆம் ஆண்டையொட்டி யப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த நிசான் லீவ் மின்கார்கள், விரைவு மின்னேற்றத்துக்கு யப்பானிய நியமமாகிய சாடெமோத் துளையைக் கொண்டவை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபின் வரும் புதிய மின்கார்கள் பெரும்பாலும் வேறொரு நியமத்தைச் சேர்ந்தவை. நியமத்தைத் தாமே வகுக்காது, வகுக்கப்பட்டதை வாங்கும் நாடுகள், மாறுகின்ற ஒவ்வொரு நியமத்துக்கும் இருமுறை விலை கொடுக்கின்றன. கலிபோர்னியாவுக்கு அது ஒரு சபைத் தீர்மானத்தோடு முடிந்த பிரச்சினை. வாங்கும் நாட்டுக்கோ அது ஒவ்வொரு வண்டிக்காரரின் தலையிலும் விழும் செலவு.

கம்பியில்லா முறையிலே நியமம் பிறந்தது 2020 இல். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் அவ்வாண்டு வெளியிட்ட விதிகள், இலகு வாகனங்களுக்கு 11 கிலோவாற்று வரையிலான மின்னேற்றத்தை வரையறுத்தன. தகட்டின்மேல் வண்டியை நேர்ப்படுத்தும் முறை 2024 இல் அவற்றோடு சேர்க்கப்பட்டது. இதனால் ஒரு நிறுவனத்தின் தகட்டிலே மற்றொரு நிறுவனத்தின் வண்டி மின்னேற்றிக்கொள்ள வழி பிறந்தது. சந்தை வளர்கின்றது என்பதற்கு நான் காணும் முதற் காரணம் இதுவே.

ஆயினும் நியமம் பொதுவாகியபோது அதன் அடிப்படை உரிமைகள் சில கைகளிலேயே திரண்டன என்பதையும் நோக்க வேண்டும். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் ஜோன் போய்ஸ், கிராண்ட் கோவிக் ஆகியோர் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த ஆராய்ச்சி, ஹேலோ என்னும் நிறுவனமாகி, 2011 இல் குவால்கொம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அது 2019 இல் வைட்ரிசிற்றி நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனமோ முன்னர் கூறிய மசாசுசெட்ஸ் மின்குமிழிலிருந்து பிறந்தது. உலகின் இரு முனைகளில் இரு பல்கலைக்கழகங்களில் முளைத்த அறிவு, ஈற்றில் ஒரே வணிகக் கூரையின் கீழ் வந்து சேர்ந்தது. இதிற் குற்றம் காண்பது என் நோக்கமன்று. ஆயினும், எதிர்காலத்திற் பொதுச் சாலைகளிலே பதிக்கப்படும் ஒவ்வொரு சுருளுக்கும் எவருக்கு உரிமைப் பணம் செல்லும் என்பதை, பொதுப்பணத்தைச் செலவிடும் அரசுகள் முன்கூட்டியே கேட்டல் வேண்டும்.

இனி, இம்முறை உண்மையாகவே பயன் தந்த இடங்களைப் பார்ப்போம். அவை கார்க்கொட்டகைகள் அல்ல, பஸ் தரிப்பிடங்கள். இத்தாலியின் டூரின் நகரிற் சென்ற நூற்றாண்டு முடிந்த சில ஆண்டுகளிலேயே சிறு மின்பஸ்கள் தரிப்பிடத்துச் சுருள்களிலிருந்து மின்னேற்றி ஓடின. 2014 சனவரியில் இங்கிலாந்தின் மில்ரன் கீன்ஸ் நகரத்தில் 7 ஆம் இலக்கப் பாதையிலே எட்டு மின்பஸ்கள் இவ்வாறு ஓடத் தொடங்கின. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வெனாச்சி என்னும் சிற்றூரில் 2018 இல் 200 கிலோவாற்றுத் தரைத்தகடு பஸ் சேவைக்காக அமைக்கப்பட்டது.

பஸ்ஸுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 200 கிலோவாற்றுத் தகட்டிலே ஐந்து நிமிடம் நின்றால், இழப்புப் போக ஏறக்குறைய 15 அலகு மின்சாரம் ஏறும். நகரப் பஸ்ஸொன்று ஒரு கிலோமீற்றருக்கு ஒன்றரை அலகு செலவிடும் எனக் கொண்டால், அந்த ஐந்து நிமிடம் பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் போதுமானது. சாரதி தேநீர் அருந்தும் நேரத்தில் அடுத்த பயணத்துக்குரிய மின் ஏறிவிடும். ஆகவே பெரிய பற்றரியைச் சுமக்க வேண்டியதில்லை, பஸ் இலேசாகும், விலையும் குறையும். பஸ் நாள்தோறும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதால், ஒரு தகடு நாள் முழுவதும் பல வண்டிகளுக்குப் பயன்படும். கார்க்கொட்டகையின் தகடோ ஒருவருடைய ஒரு வண்டிக்காக இரவெல்லாம் காத்துக்கிடக்கும்.

ஓடும்போதே ஏற்றும் முறையையும் முதலிற் பொதுச் சேவையிலே கண்டவர் தென்கொரியர். அந்நாட்டின் உயர்தர விஞ்ஞான தொழினுட்பக் கழகம் வகுத்த முறைப்படி, கூமி நகரிலே 2013 இல் போகவர 24 கிலோமீற்றர் பாதையொன்றில் பஸ்கள் ஓடின. பாதை முழுவதிலும் சுருள் பதிக்கவில்லை; நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரையிலேயே பதித்தனர். வண்டி வரும்போது மட்டும் அப்பகுதியிலே மின் பாயும். அதன்பின் சுவீடனின் கொட்லாந்துத் தீவில் விஸ்பி நகருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே 1.6 கிலோமீற்றரும், 2023 நவம்பரில் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் கால் மைல் தெருவும், 2025 இல் பாரிசுக்குத் தென்மேற்கே ஏ-10 நெடுஞ்சாலையில் ஒன்றரைக் கிலோமீற்றரும் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டன. இவை யாவும் இயங்கின. எனினும் இவற்றுள் எதுவும் ஊருக்கு ஊர் செல்லும் நீண்ட பெருவழியாக இன்னும் வளரவில்லை.

காரணம் யாது? பலரும் செருகியையே கம்பியில்லா முறையின் பகையெனக் கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. சாலைச் சுருளின் உண்மையான பகை, மலிந்து வரும் பற்றரியே. 2010 இல் ஓர் அலகு மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரியின் விலை ஆயிரம் டொலருக்கு மேலாயிருந்தது. 2024 இல், புளூம்பேர்க் நிறுவனத்தாரின் கணிப்புப்படி, அது 115 டொலராக வீழ்ந்தது. பற்றரி விலையுயர்ந்த காலத்தில், "சாலையிலே மின்சாரத்தை வைப்போம், வண்டியிலே சிறு பற்றரியை வைப்போம்" என்பது அறிவார்ந்த வாதம். பற்றரி மலிந்தபின், சாலையைக் கிண்டிச் செம்பைப் புதைப்பதன் ஆதாயம் குன்றிவிடுகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விதைத்த எண்ணத்தை அதன் காலம் முந்திச் சென்றுவிட்டது எனலாம். பாரம் மிக்க லொறிகளும் இடைவிடாது ஓடும் பஸ்களும் இதற்கு விலக்காகலாம்; சாதாரணக் கார் விலக்காகாது.

அங்ஙனமாயின் எவருக்கு இது உண்மையாகத் தேவை? மூவரைக் கூறுவேன். சக்கர நாற்காலியில் இருந்தவாறு பாரமான விரைவு மின்னேற்றுக் கம்பியைத் தூக்கிச் செருக முடியாதவர் ஒருவர். அவருக்கு இது ஆடம்பரமன்று. பிறர் உதவியின்றிப் பயணஞ் செய்யும் உரிமை. வரிசையிலே காத்து நின்று வாடகைக்குச் செல்லும் டாக்சிச் சாரதி இரண்டாமவர். காத்திருக்கும் நேரமே அவருக்கு மின்னேறும் நேரமாகலாம். மூன்றாமவர் பஸ்ஸை நம்பி வாழும் நகரத்து மக்கள்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, அது மனிதரன்று. சாரதியில்லா வண்டிக்குச் செருகியைச் செருகும் கையும் இல்லை. 2024 ஒக்டோபரிலே டெஸ்லா நிறுவனம் தன் சாரதியில்லா டாக்சியை அறிமுகஞ் செய்தபோது, அதற்குச் செருகு துளை இல்லை, தூண்டல் முறையாலேயே மின்னேறும் என்று கூறப்பட்டது. சந்தை வளரும் என நம்பிப் பணம் இடுவோரின் நம்பிக்கைக்கு இது பெரும் ஆதாரம். ஆக, ஒரே தகடு, டாக்சிச் சாரதியின் உழைப்பை இலேசாக்கவும் வல்லது. அவரை வேண்டாதவராக்கவும் வல்லது. எதற்கு முதலிற் பயன்படும் என்பதைத் தகடு தீர்மானிப்பதில்லை. அதற்குப் பணம் கொடுப்பவரும், அதற்கு இடம் கொடுக்கும் நகரசபைகளுமே தீர்மானிக்கின்றனர்.

சந்தை ஆரூடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் இத்தனை வீதம் வளரும் எனக் கூறும் அறிக்கைகளைப் படிக்கும் மாணவர்கள், வீதத்தைப் பார்க்குமுன் அடியெண்ணைப் பார்த்தல் வேண்டும். பத்துத் தகடுகள் இருபதானால் வளர்ச்சி நூற்றுக்கு நூறு. ஆயினும் இருபது இருபதே. 2024 இல் உலகிலே விற்பனையான மின்கார்கள் 170 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே பொருத்திய கம்பியில்லாக் கருவி கிடையாது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2018 இல் தன் காரொன்றுக்கு இதனை விற்க முயன்று பின்னர் விட்டுவிட்டது என்பதும் நினைவில் இருத்தற்பாலது. வேகமாக வளர்வன எல்லாம் பெரியன அல்ல. சிறியனவே வேகமாக வளர்வனபோலத் தோன்றும்.

சுவீடன் தன் 21 கிலோமீற்றரை நிறுத்தியது தோல்வியென்று பலர் எழுதினர். எனக்கு அது பொறுப்புணர்ச்சியாகவே தோன்றுகிறது. ஒரு செல்வர் தம் கொட்டகையில் ஏறக்குறைய 50 கிலோ எடையுள்ள தகடொன்றை வாங்கிப் போட்டு, ஐந்தாண்டில் நியமம் மாறினால், நட்டம் அவருடையது, அவர் தாங்கிக்கொள்வார். சாலையைக் கிண்டிப் புதைத்தபின் நியமம் மாறினால், நட்டம் அச்சாலையில் ஒருநாளும் காரோட்டாதவரையும் சேர்ந்தது. ஆகையால் கொட்டகையிலே தனியார் பரிசோதிக்கட்டும். அதனால் விலை குறையட்டும், நியமம் உறுதிப்படட்டும். பொதுப்பணம் செல்லுமாயின், அது முதலிற் பஸ் தரிப்பிடத்துக்கும், அங்கவீனர் வண்டி நிறுத்தும் இடத்துக்கும், டாக்சி வரிசைக்கும் செல்லட்டும். இந்த ஒழுங்கு தலைகீழாகுமானால், சந்தை எவ்வளவு வளர்ந்தபோதிலும், மழையில் நனைந்தபடி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் அந்த வளர்ச்சியைப் பத்திரிகையிலே படிப்பதோடு நின்றுவிடுவர்.